பழைய ஃபியட்டில் கதவுக் கண்ணாடி பீடிங் மாற்றுவது எப்படி

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் சாரல் வந்துவிடும், அதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஓரத்தை ஒட்டி ஓடுகிற ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்துவிட்டால் மழைத்தண்ணீர் அளவில்லாமல் கதவுக்குள் இறங்கும். எங்கள் வீட்டு 1986 பிரீமியர் பத்மினியில் (ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் ஃபியட்தான்) டிரைவர் பக்கக் கதவின் அடித்தகடு அப்படித்தான் உள்ளிருந்தே அரித்துப்போனது.

முதலில் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். பீடிங்குக்குக் கீழே பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், நான் முதல் கதவில் அதை வைத்து நெம்பித் தகட்டை வளைத்துவிட்டேன், இன்றைக்கும் அந்த நெளிவைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. மூங்கில் பிளாச்சைச் சீவித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஸ்குரூ இருந்தால் கழற்றிவிட்டு, ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக மேல்நோக்கி நெம்புங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கழற்றிய பீடிங்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பெனி இந்த வண்டியை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வாயால் சொல்லி வாங்கினால் அளவு பொருந்தாது. எனக்குப் புனலூரில் பழைய பார்ட்ஸ் விற்கும் சேட்டன் ஒருவர் பழசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தார். கிளிப்பும் புதிதாகவே வாங்குங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை, இதில் அவசரமே கூடாது. கிளிப் உட்கார்ந்திருந்த இடத்தில் துரு இருக்கும். கம்பி பிரஷ் போட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் தகடு தெரியும்வரை தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். துருவின் மேலேயே புது பீடிங்கை வைத்தால் அது உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அப்புறம் கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள்.

புது பீடிங்கை அரைமணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். வெட்டும்போது 5 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். பீடிங்கின் உதடு (கண்ணாடியில் உரசுகிற மெல்லிய ரப்பர் ஓரம்) கண்ணாடியைப் பார்த்து இருக்கவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கிளிப் கிளிப்பாக உள்ளங்கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

கண்ணாடியை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிய கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அது அடி ஓட்டை வழியாக வெளியே வருகிறதா என்று குனிந்து பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடி கம்பியை எடுங்கள்.