அப்பாவுக்கு ஒரு மரம்: ஆடியில் குழி, ஐப்பசியில் நடவு

காடு கரை, கண்மாய், மலை என்று வெயில் மழை பார்க்காமல் திரிந்து மறைந்த அப்பாவைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் படமாக மாட்டி சீரியல் பல்பு போட்டால் அவருக்கே மூச்சு முட்டும். அவர் நினைவுக்கு மரம்தான் சரி. ஆனால் இது ஒரு நாள் வேலை இல்லை, மூன்று கோடை கூடவே நிற்க வேண்டிய வேலை. மதுரைப் பக்கம் நினைவுக்கென்று வைக்கிற கன்றுகள் நட்ட மாதத்தில் சாவதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அடுத்த சித்திரையில் சாகின்றன.

வருஷத் திதி சித்திரையிலோ வைகாசியிலோ வந்தால் அன்றைக்குக் கன்று நடாதீர்கள். திதிக்குச் சோறு போடுங்கள், நடவை மழைக்குத் தள்ளிப்போடுங்கள். இந்தச் சீமைக்கு நம்பகமான மழை அக்டோபர், நவம்பரில்தான். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழி வெட்டலாம். மகாளய அமாவாசை கழிந்து, மண் ஒரு முழம் நனைகிற மாதிரி மழை இறங்கியதும் நடலாம். இரண்டு அமாவாசையும் முன்னோருக்கு உரியவை என்பதால் வீட்டுப் பெரியவர்களும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். குழி காயும் இரண்டு மாதமும் மேலே முள்ளை வெட்டிப் போட்டு மூடி வையுங்கள். ராத்திரி ஆடோ ஆளோ விழுந்தால் வம்பு.

எந்த மரம் என்பதை மண் முடிவு செய்யட்டும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் வேம்பும் வாகையும் நிற்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண், சரளையில் வேம்பு, இலுப்பை. தண்ணீர் ஓரமென்றால் நீர்மருது, நாவல், புங்கை. மீனாட்சி கோயில் தலவிருட்சம் என்பதால் கடம்பு வைக்க ஆசைப்படுவார்கள். ஈரம் நிற்காத இடத்தில் அது உருப்படாது. அப்பா கறாராக இருந்துகொண்டே நாலு பேருக்கு அள்ளிக் கொடுத்த ஆள் என்றால் எங்கள் சிபாரிசு இலுப்பை. மெதுவாகத்தான் வளரும், கட்டை இரும்பு மாதிரி இருக்கும். பூ வௌவாலுக்கு, கொட்டை எண்ணெய் கோயில் விளக்குக்கு. விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் நாற்றங்காலில் கன்றாகவே வாங்குங்கள். தண்ணீர் ஊற்ற ஆளே இல்லையென்றால் பனங்கொட்டை ஊன்றுங்கள். பத்தடிக்கு ஒன்று, கைச்சாண் ஆழம். முதலில் கிழங்குதான் கீழே இறங்கும், மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடாதீர்கள்.

சொந்த நிலம் இல்லாதவர்கள் ஊராட்சி நிலத்துக்கு ஊராட்சியிலும், கண்மாய்க்கு நீர்வளத் துறையிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கண்மாய்க் கரையின் உச்சியில் பெரிய மரம் கூடாது. பட்டுப்போனால் வேர் மக்கிய பொந்து வழியாகத் தண்ணீர் கசிந்து கரை உடையும். மின்கம்பிக்கு அடியிலும் ரோட்டை ஒட்டியும் வேண்டாம். அப்பா அடிக்கடி ஏறிய மலை என்று அரிட்டாபட்டிக்கோ சமணர் மலைக்கோ கன்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாறையில் பெயர் எழுதும் பேச்சே வேண்டாம். அங்கே 2000 ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இருக்கிறது, பெயிண்ட் டப்பாவோடு போனவர்களின் பெயர்களும் அதே மலைகளில் அசிங்கமாகக் கிடக்கின்றன.

குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம். மேல் ஓரடி மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள், உயிருள்ள மண் அதுதான். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அந்தக் களியில் வேர் அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் குழியை நிரப்பி, ஓரடி மேடு கட்டி அதில் நட வேண்டும். நிரப்ப மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ. ஈரச் சாணியை அப்படியே போட்டால் கறையான் குடியேறும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பையின் அடியைத் தடவிப் பாருங்கள். வேர் பாய் சுருட்டிய மாதிரி சுற்றியிருந்தால் வேண்டாம். நன்றாக வளர்வது போலவே இருந்துவிட்டு, பெரிய காற்றில் அடியோடு சாயும். பையை பிளேடால் கீறி எடுத்து, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டைப் புதைத்தால் கழுத்து அழுகும்.

பிறகு முட்டுக்கொடுப்பது. இரண்டு மூங்கில் கம்பு, தண்டிலிருந்து ஓரடி தள்ளி இரு பக்கமும். கட்டுவதற்கு நைலான் கயிறும் கம்பியும் ஆகாது, பட்டையை அறுக்கும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, கம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு போலச் சுற்றிக் கட்டுங்கள். கன்று கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தண்டு பருக்கும். மழையும் வெயிலும் பட்டு ஒரு வருஷத்தில் துணி இற்றுவிடும். கம்பைப் பிடுங்க வேண்டிய நேரமும் அதுதான். பாலியெஸ்டர் கலந்த வேட்டி இற்றுப்போகாது, அதற்கு எடுக்காதீர்கள்.

ஆடு கடிக்காமல் இருக்கக் கன்றைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்ளை ஐந்தடி உயரத்துக்கு அடையுங்கள். ஒரு பக்கம் சந்து இருந்தாலும் போதும், கொழுந்து போய்விடும். தண்ணீர் முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 லிட்டர். தினம் ஒரு சொம்பு ஊற்றுவது வெறும் மன ஆறுதல். வேர் ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து, ஊற்றாத வாரம் காய்ந்துவிடும். ஆள் வந்து போவது சிரமமென்றால் அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய பத்து லிட்டர் மண்பானையைத் தண்டுக்கு ஓரடி தள்ளி வாய் மட்டும் தெரியப் புதைத்து, மேலே தட்டு மூடுங்கள். நான்கைந்து நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

பெயர்ப் பலகையை மரத்தில் ஆணியடிக்கக் கூடாது. பெயர் தெரிய வேண்டுமென்றால் கல் பெஞ்சு போடுங்கள், நாலு பேர் உட்கார்ந்தாவது போவார்கள். ஐந்தடிக்கு ஒன்றரை அடி, ஐந்து அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 240 கிலோ இருக்கும். இரண்டு பேரை நம்பி இறங்கினால் கால் விரல் போகும், ஆறு பேர் வேண்டும். கால் கற்கள் மூன்றடி, அதில் பாதி மண்ணுக்குள். பெயரைப் பலகையின் விளிம்பில் வெட்டச் சொல்லுங்கள். மேலே வெட்டினால் எழுத்தின் மீதே உட்கார வேண்டியிருக்கும். மரத்திலிருந்து ஆறடியாவது தள்ளி நடுங்கள், இல்லையென்றால் பிறகு வேர் தூக்கிவிடும்.

நடவுக்கு வருகிற அவருடைய சேக்காளிகளிடம் “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுசன்” என்பதோடு முடியும். “எந்தப் பாதையில் மலை ஏறுவார், கையில் என்ன கொண்டுபோவார், யாருக்குக் கைமாத்துக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காமலே இருந்தார், உங்களை என்ன சொல்லித் திட்டுவார்?” என்று கேளுங்கள். திட்டை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள், பதமாக்க வேண்டாம். போனில் பதிவு செய்தால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரைச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாம் வருஷம் கீழ்க்கிளைகளைக் கழிக்கலாம். ஏழடிக்குக் கீழே இருப்பதை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். வருஷத்துக்குக் கால்வாசி, தை மாதத்தில், கிளை தண்டைச் சேரும் இடத்துப் புடைப்பைத் தொடாமல் வெட்டுங்கள். அடியிலிருந்து முதலில் பாதி அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது.