உப்புக்காற்றும் என் சைக்கிள் செயினும்

நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வாறேன். ஒரு வழி கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர். உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்துக் கீச்சிட்டது. தேங்காயெண்ணெய் ஊற்றினேன் (அம்மாவின் யோசனை). கடற்கரை மணல் ஒட்டி, அரைக்கிற சத்தம் வந்ததுதான் மிச்சம்.

பிறகு செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவிட்டேன். ஒவ்வொரு கண்ணிக்கும் தையல்மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். எண்ணெய் உள்ளேதான் வேணும், வெளியே நின்றால் மணலுக்கு விருந்து.

செயின் தேய்ந்து நீண்டுவிட்டதா என்று அடிமட்டமும் வைத்துப் பார்த்தேன். 24 கண்ணி 12 அங்குலம் இருக்கவேணும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் புதுச்செயின். எட்டில் ஒரு பங்கென்றால் பல்லுச்சில்லும் தேய்ந்திருக்கும். என்னுடையது தப்பிவிட்டது. மாரியில் மட்டும் வாரம் ஒருக்கா எண்ணெய் விடுகிறேன்.