ஹாபி சிஎன்சிக்கு மலிவான சர்வோ: வாங்கும் முன்

சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) அச்சுகளை நகர்த்த, தன் நிலையைச் சரிபார்த்துக்கொண்டே ஓடும் மோட்டார்தான் சர்வோ. "ஹைப்ரிட் சர்வோ", "ஈஸி சர்வோ" என்று விற்பவை பெரும்பாலும் என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) வைத்த ஸ்டெப்பர்கள்தாம் (படிப்படியாக நகரும் மோட்டார்கள்). மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி ரவுட்டருக்கு அதுவே தாராளம். ஆனால் வேகம் கூடக் கூட அவற்றின் டார்க் (சுழற்றும் விசை) சரியும். பெட்டியில் போட்டிருக்கும் 3 நியூட்டன் மீட்டர், மோட்டார் நிற்கும்போது உள்ள கணக்கு. 400 வாட் ஏசி சர்வோவோ ஏறக்குறைய 1.27 நியூட்டன் மீட்டரை 3000 ஆர்பிஎம் வரை விடாமல் தரும்.

பலரும் கவனிக்காதது பல்ஸ் வேகம், அதாவது மோட்டாரை நகர்த்த கன்ட்ரோலர் அனுப்பும் சிக்னல்களின் வேகம். ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று டிரைவில் (மோட்டாரை ஓட்டும் பெட்டி) வைத்தால், 3000 ஆர்பிஎம்முக்கு விநாடிக்கு 5 லட்சம் பல்ஸ் வேண்டும். சாதாரண கன்ட்ரோலர் திணறிவிடும். டிரைவின் எலெக்ட்ரானிக் கியர் செட்டிங்கில் அந்த 10,000-ஐ 2000 ஆக்குங்கள், 1 லட்சம் போதும். ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும் (5 மிமீ பிட்ச்) பால் ஸ்க்ரூவில் அப்போதும் ஒரு பல்ஸுக்கு 0.0025 மிமீதான். நம் ஃபிரேமே அதைவிட அதிகம் வளையும்!

பழைய சரக்கு என்றால் மோட்டார், டிரைவ், கேபிள் மூன்றையும் ஒரே செட்டாகவே வாங்குங்கள். ஒரு கம்பெனி என்கோடர் இன்னொரு கம்பெனி டிரைவுக்குப் பொதுவாகப் புரியாது. மேலும் கீழும் நகரும் கனமான இசட் அச்சுக்கு, கரண்ட் போனாலும் கீழே இறங்காமல் பிடிக்க, பிரேக் வைத்த மோட்டார் வாங்குங்கள். கோளாறு என்றால் சிக்னல் தரும் டிரைவின் அலாரம் வயரைக் கன்ட்ரோலரின் எமர்ஜென்சி ஸ்டாப்போடு கட்டாயம் இணையுங்கள்.