கலாவரைக்கும் உருவித்தனுக்கும் நோட்ரம்ப் மறுமொழி: என் அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் என் ஜோடியாக பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் பழைய முறையில் கற்றவர். ஒரு கலாவரை (கிளப்ஸ்) அல்லது ஒரு உருவித்தன் (டைமண்ட்ஸ்) என்று நான் ஏலத்தைத் தொடங்கும்போது அவர் சொல்லும் இரண்டு நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் எட்டுப் பிடி எடுப்பதாகச் சொல்வது) உயர் சீட்டுகளில் 13 முதல் 15 புள்ளிகளைக் குறித்தது. எனக்கோ அது 11, 12 புள்ளிகளோடு, ஒன்பது பிடிக்கான மூன்று நோட்ரம்புக்குப் போகலாமா என்று விடுக்கும் அழைப்பு மட்டுமே. அதனால் ஒன்பது பிடி தாராளமாகக் கிடைக்கும் கைகளிலும் ஆட்டம் இரண்டிலேயே நின்றது.

பேசி முடிவெடுத்தோம். ஒரு நோட்ரம்புக்கு 6–10, இரண்டுக்கு 11–12, மூன்றுக்கு 13–15; எதைச் சொன்னாலும் கையில் நான்கு ஆடுத்தனோ (ஹார்ட்ஸ்) நான்கு இஸ்கோப்பனோ (ஸ்பேட்ஸ்) இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை அவர் உடனே ஏற்றார், எண்களுக்குத்தான் வாதாடினார்.

இஸ்கோப்பனில் ஆசு, ஜாக், 4. ஆடுத்தனில் ராஜா, 7, 2. உருவித்தனில் ராணி, 10, 5. கலாவரையில் ஜாக், 9, 6, 3 என்ற கையைப் பாருங்கள். ஆசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 எனக் கூட்டினால் 11. இப்போது இரண்டு நோட்ரம்ப் வந்ததும் 14 உள்ள நான் மூன்றுக்குப் போகிறேன், ஏனெனில் இரு கைகளிலும் சேர்ந்து 25 இருந்தால் ஒன்பது பிடி பெரும்பாலும் எட்டும். ஐந்து உருவித்தனுக்கோ பதினொரு பிடி வேண்டும். என்னிடம் 12 புள்ளி மட்டும் இருந்தால் பாஸ்.

ஒரு கலாவரைக்கு மட்டும் இன்னொன்று சேர்த்தோம்: நான்கு உருவித்தன் இருந்தால் முதலில் அதையே சொல்வது. எனவே அவர் ஒரு நோட்ரம்ப் சொன்னால் மற்ற மூன்று இனங்களிலும் மும்மூன்றுக்கு மேல் இல்லை, கலாவரை குறைந்தது நான்கு உண்டு. எதிராளி இடையில் புகுந்தால் மட்டும், அந்த எதிராளி சொன்ன இனத்தில் தடுப்பு (அவர்களின் பிடிகளை நிறுத்தும் சீட்டு) இல்லாமல் நாங்கள் நோட்ரம்ப் சொல்வதில்லை.