நாய்க்கு இதயப்புழு வராமல் காப்பது எப்படி?

இதயப்புழு கொசுக்கடியால் நாய்க்குப் பரவுவது. காரும் பிசானமும் என இருபோக நெல் விளையும் தாமிரபரணிக் கரை ஊர்களில் வயலும் வாய்க்காலும் கொல்லைப்புறம் வரை வந்து நிற்பதால், கொசு இல்லாத மாதம் என்று இங்கே ஒன்றைச் சொல்ல இயலாது. இதயப்புழுவின் இளம்புழு கொசுவின் உடலுக்குள் வளர ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். மார்கழி இரவிலும் நெல்லைச் சமவெளியில் குளிர் அவ்வளவு இறங்குவதில்லை. ஆகவே நம் நாய்களுக்கு ஆண்டு முழுவதும் காப்பு தேவை.

நோயுள்ள நாயைக் கடிக்கும் கொசு, இரத்தத்தோடு, இதயப்புழு ஈன்ற குஞ்சுகளான நுண்புழுக்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை தொற்றும் பருவத்தை எட்டி, கொசு அடுத்து எந்த நாயைக் கடிக்கிறதோ அதன் தோல் வழியே நுழைகின்றன. ஆறேழு மாதங்களில் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் அவை முழுப்புழுக்களாகிவிடும். பெண்புழு ஓரடி நீளம் வரை வளர்ந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழக்கூடியது. நாய்கள் ஒன்றாகப் படுப்பதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இந்நோய் பரவாது.

காப்பு மருந்து கொசுக்கடியைத் தடுப்பதில்லை. முந்தைய மாதத்தில் உடலுக்குள் வந்துவிட்ட இளம்புழுக்களைக் கொல்கிறது. இரண்டு மாத வளர்ச்சியைக் கடந்த புழுவிடம் அதே மருந்து எடுபடாது. ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தவறாக முடிவது இதனால்தான். எங்கள் வீட்டில் தமிழ் மாதப் பிறப்பன்று நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே மாத்திரையையும் கொடுத்துவிடுகிறோம். ஆனி, ஆடி ஓரிரு நாள் நீண்டாலும் கேடில்லை. விழுங்கிற்றா என்பதை நின்று பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு எட்டு வார வயதுக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே எடை பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசிமருந்தை மருந்துக் கடையில் வாங்கி நாய்க்குச் சொட்டுக் கணக்கில் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம் போதும். 15 கிலோ நாய்க்கு 90 மைக்ரோகிராம். ஒரு சதவீத ஊசிமருந்தின் ஒரு மில்லியிலோ 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் மிகை அளவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாயாக இருந்தால், மருந்து தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை அவசியம். நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நுண்புழு தெரிந்தால் அது இதயப்புழுவினுடையதா, தென்னிந்திய நாய்களின் தோலுக்கடியில் வாழும் வேறொரு புழுவினுடையதா என்று கேட்டறியுங்கள். முழுவளர்ச்சி பெற்ற பெண்புழுவைக் காட்டும் பரிசோதனை, அண்மையில் நுழைந்த புழுவைக் காட்டாது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கொசுவைக் குறைப்பது மருந்துக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல. வேப்பிலைப் புகையையும் அப்படியே கொள்ள வேண்டும். கிரைண்டர் வந்தபின் கொல்லையில் கிடக்கும் ஆட்டுரலின் குழியை ஐப்பசி மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள்: தலைகீழாகத் தொங்கும் கொசுப்புழுக்கள், நம் நிழல் பட்டதும் துடித்து அடிக்குப் போகும். உரலைச் சாய்க்க முடியாது. கொட்டாங்கச்சியால் நீரை இறைத்துவிட்டுக் குழியில் மணல் நிரப்பிவிடலாம். நாயின் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். மனிதர்கள் பூசும் கொசுக் களிம்பை நாய்க்குப் பூசக் கூடாது. அது நக்கி விழுங்கிவிடும்.

ஓட்டத்துக்குப் பேர்போன கன்னி, சிப்பிப்பாறை இன நாய்கள் இயல்பிலேயே ஒட்டிய வயிறு கொண்டவை என்பதால், நோயால் மெலிவது எளிதில் கண்ணுக்குப் படாது. பாதி ஓட்டத்தில் நின்று வறட்டு இருமல் இருமினால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புழு உறுதியாகிவிட்டால், நாயை ஓடவிடக் கூடாது. சிகிச்சையில் செத்துச் சிதையும் புழுக்கள் நுரையீரல் குழாய்களை அடைக்கக்கூடும். ஓட்டம் அந்த ஆபத்தைப் பெருக்கும். மருத்துவர் விடுவிக்கும் வரை, மாதக்கணக்கானாலும், சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்திச் சென்று, திரும்பக் கொண்டுவந்து கட்டிவிடுங்கள்.