பந்தய லாயத்தில் சைஸ் (குதிரை பராமரிப்பாளர்) வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதை ஓர் உதையே சொல்லித் தந்துவிடும். பெங்களூர்ப் பந்தய லாயங்களுக்குப் புதிதாக வரும் பையன்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

பேண்டேஜை இறுக்கிக் கட்டுவது

குதிரையின் காலில் சுற்றும் பேண்டேஜ் அவிழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே தசைநாண். ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால், காலையில் அவிழ்க்கும்போது காலின் பின்புறம் வில்லாக வீங்கி நிற்கும். மேலோட்டமான வீக்கம் என்றால் சில நாளில் வடியும். நாணின் நார்களே சேதமானால், மறுபடி ஓடப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் ஆகிவிடும். பஞ்சே வைக்காமல் சுற்றுகிறவர்களை என்ன சொல்வது!

முதலில் வெறுங்காலை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் கட்டாமல் டிரெய்னரிடம் சொல்லுங்கள். பஞ்சுத் திண்டைச் சுருக்கம் இல்லாமல் சுற்றி, மேலும் கீழும் ஒரு விரலளவு வெளியே தெரிய விடுங்கள். பேண்டேஜைக் காலின் உட்பக்கத்திலிருந்து எலும்பின் முன்புறம் வழியாக வெளியே கொண்டுபோய், பிறகு பின்னால் சுற்ற வேண்டும். இழுவிசை எலும்பின் மேல்தான் விழ வேண்டும், நாணின் மேல் அல்ல. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். முடிச்சோ டேப்போ வெளிப்பக்கம் வரட்டும். டேப்பைப் பேண்டேஜைவிட இறுக்கமாக ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். 12 மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள்.

அவிழ்த்தவுடன் கால் எப்படியும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால்தான் உண்மையான சூடு தெரியும். இதையெல்லாம் குந்தி உட்கார்ந்து செய்யுங்கள். முட்டி போட்டால் சட்டென்று விலக முடியாது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது

விரல் போகும்.

மிச்சத் தீனியைச் சத்தமில்லாமல் கொட்டுவது

ராத்திரித் தீனி மிச்சமானால் ஏதோ சரியில்லை. தெர்மாமீட்டர் வையுங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அதைத் தாண்டினால், ஓட்டத்துக்குச் சேணம் போடும் முன்பே டிரெய்னருக்குத் தெரிய வேண்டும்.

வலித் தைலக் கையோடு குதிரையின் வாயைத் தொடுவது

உங்கள் முதுகுவலிக்குத் தடவிய டைக்ளோபெனாக், குடித்து மீந்த காபி இரண்டுமே பந்தயத்துக்குப் பிந்தைய குதிரையின் சிறுநீர்ச் சோதனையில் சிக்கக்கூடியவை. கை கழுவிவிட்டுக் கடிவாளம் மாட்டுங்கள். லாய அறைக்குள் சிறுநீர் கழிப்பதும் கூடாது: நீங்கள் விழுங்கிய மாத்திரை வைக்கோல் வழியாகக் குதிரைக்குப் போகும்.