கனடா ஃபுட்பால் ரிசீவரை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

ஜெராய் சைமன் என்ற பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது 16,352 யார்டு. கனடாவின் ஃபுட்பால் லீகான சி.எஃப்.எல்.லில் ரிசீவராக, அதாவது எறிந்த பந்தைப் பிடித்து ஓடுபவராக, அவர் சேர்த்த தூரம் அது. அங்கே அதுதான் சாதனை. (ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைத்தவர்கள் மன்னிக்கவும். இது கையால் எறிந்து கையால் பிடிக்கும் ஆட்டம்.) சரி, அந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்? இங்கேதான் ஆளாளுக்குச் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, அமெரிக்க என்.எஃப்.எல். எண்களோடு அப்படியே ஒப்பிடுவது. 1994-இல் கால்கரி அணியின் ஆலன் பிட்ஸ் ஒரே சீசனில் 2,036 யார்டு எடுத்தார். 2012-இல் என்.எஃப்.எல்.லில் கால்வின் ஜான்சன் எடுத்தது 1,964. அப்போ பிட்ஸ்தானே மேல் என்று நானும் ஒருமுறை வாதாடியிருக்கிறேன். ஆனால் பிட்ஸின் சீசன் 18 ஆட்டம், ஜான்சனுடையது 16. வகுத்தால் ஆட்டத்துக்கு 113-ம் 123-ம் வருகிறது. என் வாதம் அத்தோடு படுத்துவிட்டது.

அதற்காக, "கனடாவில் யார்டு மலிவு" என்று அந்தப் பக்கம் சாய்வதும் தவறு. பத்து யார்டு தாண்ட அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு, கனடாவில் மூன்றே. மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள், ஆகவே கையில் இருப்பது இரண்டுதான். எறிந்தே ஆக வேண்டும். மைதானம் 65 யார்டு அகலம், அமெரிக்காவைவிடக் கிட்டத்தட்ட 12 கூடுதல் என்பது உண்மைதான்; ஆனால் வாய்ப்பு குறைவு.

வாகிள் என்று ஒன்று உண்டு. அது தெரியாமல் ரிசீவரைப் பற்றிப் பேசவே கூடாது என்பேன். பந்து ஆட்டத்துக்கு வரும் நொடியில் என்.எஃப்.எல். ரிசீவர், இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்க முடியாது. கனடாவில் முடியும். பல யார்டு பின்னாலிருந்து ஓடிவந்து, பந்து கிளம்பும் அதே கணத்தில் முழு வேகத்தில் கோட்டுக்கு வருவார். வேகப் பந்துவீச்சாளரின் ரன்-அப் மாதிரிதான். கால் முந்தினால் கிரிக்கெட்டில் நோ-பால். இங்கே ஆஃப்சைடு, ஐந்து யார்டு அபராதம். பயந்து வேகத்தைக் குறைத்தாலோ ஓடிவந்ததே வீண். சைமன் இந்த அரை நொடிக் கணக்கை 15 சீசன் போட்டார்.

அடுத்தது, "கனடா வீரர்" என்ற சொல். சைமன் பென்சில்வேனியாக்காரர், அமெரிக்கர். மாண்ட்ரியலுக்காக 1,017 பந்து பிடித்த பென் கஹூன் யூட்டாவில் பிறந்தாலும், ஆல்பர்ட்டாவில் வளர்ந்ததால் கனடியர் கணக்கில் ஆடினார். இது வெறும் பாஸ்போர்ட் சமாச்சாரம் இல்லை. களமிறங்கும் முதல் வரிசையில் ஏழு கனடியராவது இருக்க வேண்டும் என்பது கஹூன் ஆடிய காலத்து லீக் விதி. ரிசீவர் இடத்தை ஒரு கஹூன் நிரப்பிவிட்டால், வேறொரு இடத்துக்கு அமெரிக்கரை எடுத்துக்கொள்ள முடிந்தது. இந்த மதிப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

கோப்பை எண்ணி ஆளை அளப்பவர்களும் உண்டு. லீகின் கோப்பையான க்ரே கப் சைமனுக்கு மூன்று. 147 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) அடித்து லீக் சாதனை வைத்திருக்கும் வின்னிபெக்கின் மில்ட் ஸ்டீகலுக்கு ஒன்றுகூட இல்லை. 2007-இல் அவர் அணி இறுதிக்கு வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆட்டத்திலேயே பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கெவின் க்ளெனின் கை முறிந்திருந்தது. இறுதியாட்டத்தில் பந்து எறிந்தவர் ரயன் டின்விடி; சி.எஃப்.எல்.லில் அவர் முதலிலிருந்தே ஆடிய முதல் ஆட்டம் அது. அவர் எறிந்த மூன்று பந்துகள் எதிரணியின் ஜேம்ஸ் ஜான்சன் கைக்கே போய்ச் சேர்ந்தன. 23-19, கோப்பை சஸ்காட்சுவானுக்கு. ஸ்டீகல் இன்னும் ஒரு சீசன் ஆடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.